இருபதாவது சுற்றுக்குப் பிறகும் வெர்லின் டீக்

வெர்லின் டீக் கார் ஓட்டும்போது இடது கையிலிருந்து இரண்டு விரல்கள் வெளியே வரும். கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி, ஆட்காட்டி விரலையும் நடுவிரலையும் ஒட்டிவைத்து, ஜன்னல் வலையின் ஓரமாக நீட்டுவார். விரல்கள் கீழே சாய்ந்தால் உள்பக்கமாகப் போ என்று பொருள். கூரைப் பக்கம் சுட்டினால் வெளிப்பக்கமாக. மெதுவாக ஓடுகிறவன் பின்னால் வேகமாக வருகிறவனுக்கு வழிகாட்டும் வழக்கம் அது. எல்லா ஓட்டுநரும் செய்வதுதான். பெரும்பாலானவர்கள் ஈ விரட்டுகிற மாதிரி செய்வார்கள். வெர்லின் மட்டும் ஞாயிற்றுக்கிழமை தேவாலய வாசலில் வண்டிகளுக்கு இடம் காட்டுபவரைப்போல, அவசரமில்லாமல், எதிராளி பார்த்துவிட்டான் என்று தெரியும்வரை நீட்டியபடியே இருப்பார்.

வார நாட்களில் அவர் ஜல்லி லாரி ஓட்டினார். மலைச்சாலையில் பின்னால் பொறுமையிழந்து வரும் கார்களுக்கும் அதே இரண்டு விரல்தான். வீட்டில் சாப்பாட்டு மேஜையில் கடைசி பிஸ்கட்டை யார் எடுத்துக்கொள்ளலாம் என்று காட்டுவதும் அதே விரலால்.

"வீட்டுக்குள்ளயாவது ஒரு தடவை நீ முந்தேன்" என்பார் அவர் மனைவி நடீன். "பாரு, அந்த பிஸ்கட்டும் உன்னை ஒரு சுத்து முந்திட்டுப் போகுது."

அந்த விரல்களை அதிகம் பார்த்தவன் நான்தான். பார்வையாளர் மேடையின் கூரைமேல் நின்று, கீழே ஓடும் அவருக்கு ரேடியோவில் கண்ணாக இருப்பது என் வேலை. தலையைத் திருப்ப முடியாதபடி வார்போட்டுக் கட்டியிருக்கும் ஓட்டுநருக்கு, பக்கத்தில் யார், பின்னால் யார், எங்கே மோதல் என்று சொல்ல ஒருவன் வேண்டும். தரையில் நாலு பேர் கூடினால் எனக்கு வாய் எழாது. கூரைமேல் எழும். வெர்லின் அதற்கு நேர்மாறு. தரையில் ஊரையே வம்புக்கு இழுப்பார். காருக்குள் ஏறிவிட்டால் பேசமாட்டார். பந்தயத்தைத் தொடங்கும் பச்சைக் கொடிக்கு முன்னால் எல்லாக் கார்களும் வரிசையில் மெதுவாகச் சுற்றும்போது "கேக்குதா அண்ணே?" என்பேன். "கேக்குது" என்பார். அதோடு சரி. பந்தயம் முழுக்க நான் பேச, கார் நகரும். அதுதான் பதில்.

வட கரோலினாவின் மலையடிவாரத்து மண் டிராக்குகளில் தொடங்கியவர் அவர். இருபது வருடத்துக்கு மேல் ஓட்டியும் பெரிய பந்தயம் ஒன்றுகூட ஜெயித்ததில்லை. ஒருமுறை ஐந்தாவதாக வந்தார். அதுவும் மழை பெய்து பாதியில் நிறுத்தியதால் என்று ஊரில் சொல்வார்கள்.

"மழை என் தலைமேல மட்டுமா பெஞ்சுது?" என்பார் வெர்லின்.

ஓட்டியது எல்லாம் அடுத்தவர் கார். அவருக்குச் சொந்தமாக இருந்தது இருக்கை மட்டும். அலுமினிய இருக்கை, இடுப்புக்கும் விலாவுக்கும் அளவெடுத்து வளைத்தது, வேறு யார் உட்கார்ந்தாலும் எலும்பில் குத்தும். முதலாளி மாறும்போது ஓட்டுநர்கள் அதைக் கையோடு தூக்கிப் போவார்கள். வேலை கிடைத்தால் அது காருக்குள் ஏறி, நான்கு போல்ட்டில் முடுக்கப்படும். வேலை போனால் யாரும் வாய் திறந்து சொல்லவேண்டியதில்லை. காலையில் பட்டறைக்குப் போனால் வாசலில், சரளைக்கல்மேல், இருக்கை வெயில் காய்ந்துகொண்டிருக்கும். வெர்லினின் இருக்கை ஆறு முதலாளிகளின் வாசலில் அப்படி உட்கார்ந்திருக்கிறது.

ஏழாவது முதலாளி ஹார்லன் சைப்ஸ். குழாய் வியாபாரி. அவரிடம் இரண்டு கார்கள். முதல் கார் கெல்பி என்ற இருபது வயதுப் பையனுக்கு. பானெட்மேல் அவன் அப்பாவின் கம்பெனி பெயர் பளபளக்கும். இரண்டாவது கார் வெர்லினுக்கு. அதில் எண்ணைத் தவிர எந்த எழுத்தும் கிடையாது. வெறும் வெள்ளை. அதன் வேலை பந்தயத்தைத் தொடங்குவது, இருபது சுற்று ஓடுவது, பழுது என்று சொல்லிக் கொட்டகைக்குள் நுழைவது. கடைசி இடத்துக்கும் பரிசு உண்டு; டயரும் பெட்ரோலும் தீராவிட்டால் அது அப்படியே கெல்பியின் காருக்குப் போகும். அந்த வருடங்களில் பல குழுக்கள் அப்படித்தான் பிழைத்தன. எல்லோருக்கும் தெரியும், யாரும் எதுவும் சொல்லவில்லை.

ஆனால் நின்ற காருக்கு ஒரு காரணம் வேண்டும். லூதர் என்ற அதிகாரி காதில் பென்சிலோடு கொட்டகைக்கு வருவார்.

"இன்னிக்கு என்ன கோளாறு, வெர்லின்?"

"காருக்கு வெக்கமா இருக்காம், லூதர்."

"அப்படியெல்லாம் எழுத முடியாதுப்பா."

"அப்ப முதலாளிக்கு நெஞ்சுல ஓட்டைன்னு எழுதிக்க."

லூதர் சிரிக்காமல் 'அதிர்வு' என்று எழுதிக்கொண்டு போவார். அடுத்த வாரம் 'பிரேக்'. அதற்கடுத்த வாரம் மறுபடி 'அதிர்வு'. முடிவுப் பட்டியலில், கடைசிவரை ஓடிய கார்களுக்கு நேராக அந்த இடத்தில் 'ஓடிக்கொண்டிருந்தது' என்று போடுவார்கள். பின்னால் நாற்பது சுற்று தள்ளி வந்தாலும் சரி, ஒரு பக்கம் முழுக்க நசுங்கி வந்தாலும் சரி, பந்தயம் முடிந்து கட்டம் போட்ட கொடி விழும்போது சக்கரம் சுழன்றுகொண்டிருந்தால் அந்தச் சொல் உண்டு. அந்த வருடம் வெர்லினின் பெயருக்கு நேராக அது ஒருமுறையும் வரவில்லை.

உள்ளே வரச் சொல்கிறவனும் நான்தான். சைப்ஸ் என்னிடம் சொல்வார். நான் வெர்லினிடம் சொல்வேன். "அண்ணே, அதிர்வு. உள்ள வாங்க." அந்த நொடியே வெள்ளைக் காரின் மூக்கு உள்பக்கம் திரும்பும். ஒரு சுற்றுகூட அவர் கூடுதலாக ஓட்டியதில்லை. இறங்கி வந்தபிறகுதான் வாய் திறக்கும்.

செப்டம்பரில் பந்தயம் எங்கள் ஊருக்கே வந்தது. ப்ரஷி ஃபோர்க், அரை மைல் டிராக், முந்நூறு சுற்று. அந்த வாரம் ஒரு காலையில் நாங்கள் சாப்பாட்டுக் கடையில் ஈரல் வறுவலும் முட்டையும் தின்றுகொண்டிருந்தபோது, பின் மேஜையிலிருந்து பால்காரர் ஆர்வில் கூப்பிட்டார்.

"வெர்லின், சனிக்கிழமைக்கு எவ்வளவு வேகவெச்ச கடலை வாங்கட்டும்? இருபது சுத்துக்குப் போதுமான பொட்டலமா, முழுப் பையா?"

கடை முழுக்கச் சிரித்தது. பரிமாறிக்கொண்டிருந்த பெண்ணும் சிரித்தாள். வெர்லின் முள்கரண்டியைத் தட்டின் ஓரத்தில் வைத்தார்.

"முழுப் பை வாங்கு."

"மிஞ்சினா வீணாப் போகுமேப்பா."

"மிஞ்சினா எங்கிட்ட கொண்டா. தோலோட திங்கிறேன்."

அன்று பட்டறையில் அவர் நேராக சைப்ஸிடம் போனார். நான் ரேடியோ ஒயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். டயர்க்காரர் டாய்ல் ஒரு சக்கரத்தின்மேல் உட்கார்ந்து சோடா குடித்துக்கொண்டிருந்தார். எங்கள் இருவரையும் அவர்கள் பொருட்படுத்தவில்லை.

"இந்த ஒரு வாரம் முழுசா ஓட்டுறேன், ஹார்லன்."

"டயர் உங்கப்பனா குடுப்பான்?"

"எங்கப்பன் இருந்தா குடுத்திருப்பான். எம் ஊர் ஜனம் டிக்கெட் வாங்கி வந்து உக்காந்திருக்கும். அவங்க முன்னால என்னால கொட்டகைக்குள்ள போய் ஒளிய முடியாது."

"வாரா வாரம் ஒளியிறதானே?"

"வாரா வாரம் அவங்க பாக்கல."

சைப்ஸ் கெட்ட மனிதரில்லை. கத்துவதற்கு முன்னால் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நல்லாக் கேட்டுக்க. இருபது சுத்து. அதுக்கு மேல ஒரு சுத்து உன்னை டிராக்ல பாத்தேன், உன் சீட்டு கல்லுமேல இருக்கும். ஐம்பத்தொரு வயசுல வேற எவன் வாசல்ல போய் நிப்பே?"

"கல்லு என் சீட்டுக்குப் புதுசு இல்ல" என்றார் வெர்லின்.

சனிக்கிழமை மதியம் வெயில் சுள்ளென்றிருந்தது. தேவாலயத்து ஆட்கள் நான்காம் திருப்பத்தில் ஒரு வரிசை முழுக்க உட்கார்ந்திருந்தார்கள். நடீன் அவர்கள் நடுவில், மடியில் கைப்பையோடு. அவர்களுக்குக் கீழே ஆர்வில், ஈரம் கசியும் பெரிய காகிதப் பையோடு. ஜெபம் முடிந்து தொப்பிகள் தலைக்குத் திரும்பின. டாய்ல் வெர்லினுக்கு வார் மாட்டி, ஜன்னல் வலையை ஏற்றிவிட்டார். கார்கள் வரிசையில் மெதுவாகச் சுற்றத் தொடங்கின.

"கேக்குதா அண்ணே?"

"கேக்குது."

பச்சைக் கொடி விழுந்தது. முதல் சுற்றுகளில் அவர் முப்பதாவது இடத்தில், யாரையும் தொடாமல் ஓடினார். நான் சொல்லச் சொல்லக் கார் நகர்ந்தது. பதினெட்டு. பத்தொன்பது. என் இன்னொரு காதில் சைப்ஸின் குரல் வந்தது: "சொல்லு."

சொன்னேன். "அண்ணே, அதிர்வு. உள்ள வாங்க."

வெள்ளைக் கார் நான்காம் திருப்பத்திலிருந்து வந்தது. மூக்கு திரும்பவில்லை. ஜன்னல் வலையின் ஓரம் இரண்டு விரல்கள் எழுந்து கூரைப் பக்கம் சுட்டின. பின்னால் வந்த நீலக் கார் வெளிப்பக்கமாகக் கடந்துபோனது. அவர் என்னைக் கடந்து போனார்.

"எம்மெட், அவனுக்குச் சொன்னியா இல்லியா?" என்றார் சைப்ஸ்.

"சொன்னேன்."

"திரும்பச் சொல்லு."

திரும்பச் சொன்னேன். பிறகு சைப்ஸே வெர்லினின் அலைவரிசைக்கு வந்து கத்தினார். மேடை நிறைய ஆட்கள் இருக்கும் இடத்தில் சொல்லக் கூடாத சொற்கள். வெள்ளைக் கார் இருபத்தைந்தைத் தாண்டியது. முப்பதைத் தாண்டியது. தேவாலயத்து வரிசையில் முதலில் ஒருவர் எழுந்து நின்றார். கணக்கு வைத்திருப்பவர்கள் போலிருக்கிறது, ஒவ்வொருவராக எழுந்தார்கள்.

சைப்ஸ் லூதரிடம் ஓடினார். கூரையிலிருந்து பார்க்க, இரண்டு தொப்பிகள் ஒன்றையொன்று முட்டுவதுபோல இருந்தது. வெர்லினை வெளியேற்றக் கறுப்புக் கொடி காட்டச் சொன்னாராம். லூதர், "எண்ணெய் ஒழுகலே, மெதுவாப் போகலே, யாரையும் இடிக்கலே. நல்லா ஓடுற காருக்கு எதுக்குய்யா கறுப்புக் கொடி?" என்று கேட்டிருக்கிறார். "அதிர்வு" என்று சைப்ஸ் சொன்னதாகவும், "எனக்கு ஒண்ணும் தெரியலையே" என்று லூதர் சொன்னதாகவும் பிற்பாடு கடையில் பலவிதமாகச் சொல்லிச் சிரித்தார்கள்.

சைப்ஸ் திரும்பிவந்து ஆட்களிடம் சொன்னது எங்கள் எல்லார் காதிலும் விழுந்தது. "எவனாவது அந்தக் காரைத் தொட்டா, திங்கக்கிழமை வேலைக்கு வரவேண்டாம்."

அதற்குமேல் அவரை நான் உள்ளே கூப்பிடவில்லை. பழையபடி சொல்லத் தொடங்கினேன். "பின்னால மூணு கார். முதல் கார் உள்பக்கம். இப்ப வழி சுத்தம்." விரல்கள் நீண்டன, கார்கள் கடந்தன. அவர் ஒரு சுற்று பின்தங்கினார், பிறகு மூன்று, பிறகு ஆறு. அந்தக் காரை அவ்வளவு தூரம் யாரும் ஓட்டியதே இல்லை. நூறு சுற்றுக்குப் பக்கத்தில் டயர்கள் தேய்ந்து, ஒவ்வொரு திருப்பத்திலும் பின்பக்கம் சுவரை நோக்கி விலகியது. சோப்புக் கட்டிமேல் நடப்பதுபோல ஓட்டினார்.

விபத்து என்று எல்லோரையும் மெதுவாக்கும் மஞ்சள் கொடி வந்தது. இரண்டாம் திருப்பத்தில் ரான்சம் ஐகார்ட்டின் கார் முகம் நொறுங்கிக் கிடந்தது. ரான்சமும் வெர்லினைப்போலவே வாசல் வாசலாக இருக்கை சுமந்தவர். பத்து வருடத்துக்கு முன்னால் வெர்லின் தன்னைச் சுவரில் தள்ளினான் என்று, ஜன்னல் வழியாகக் கைவிட்டு அவருடைய முன்பல்லை உடைத்தவர். அதற்குப் பிறகு இருவரும் திட்டுவதற்கு மட்டும்தான் பேசிக்கொண்டார்கள்.

மற்ற கார்களோடு வெள்ளைக் காரும் டயர் மாற்ற உள்ளே திரும்பியது. தன் எண் எழுதிய இடத்தில் போய் நின்றது. டயர் மாற்றும் ஆட்கள் நிற்கும் குட்டைச்சுவரைத் தாண்டி யாரும் குதிக்கவில்லை. பக்கத்தில் கெல்பியின் காரை ஆறு பேர் சுற்றி மொய்த்தார்கள். டாய்ல் கையில் ஒரு சக்கரத்தோடு சுவர்மேல் ஒரு கால் வைத்தவர், சைப்ஸைப் பார்த்தபடி அப்படியே நின்றார். அவருக்கு மூன்று பிள்ளைகள். வெர்லின் எதிரே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. கெல்பியின் கார் கிளம்பிப் போயிற்று. எல்லாக் கார்களும் போயின. அவர் மட்டும், சாப்பாடு வரும் என்று உட்கார்ந்திருப்பவரைப்போல.

நான்கு குழு தள்ளியிருந்த இடத்திலிருந்து ஒருவர் ஜாக்கியை இழுத்துக்கொண்டு ஓடிவந்தார். ரான்சம். புகை படிந்த பந்தய உடை, தலையில் ஹெல்மெட் இல்லை. பின்னால் அவருடைய ஆட்கள், அவரவர் கையில் ஒரு சக்கரம்.

"பாத்துக்கிட்டு நிக்கிறீங்களேடா, தூக்குங்கடா!" என்றார் தன் ஆட்களிடம். காரை ஏற்றிவிட்டு ஜன்னல் வலைக்குள் முகத்தை விட்டார். அவர் கத்தியதைச் சுவரோரம் நின்ற எல்லோரும் கேட்டிருக்கிறார்கள்.

"டேய் ஓட்டைப்பல்லா! என் டயர் உனக்கு அதிகம். இருந்தாலும் என் கார் செத்துப்போச்சு, அதுக்கு இனி தேவையில்ல. இத மாட்டிக்கிட்டு எங்கயாவது முட்டினே, கல்லறை வரைக்கும் வந்து கேப்பேன்!"

வெர்லின் ஹெல்மெட்டுக்குள்ளிருந்து என்னவோ சொன்னார். ரான்சம் தலையைப் பின்னுக்கு எறிந்து சிரித்தார். என்ன சொன்னார் என்று ரான்சம் இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை. பெண்கள் இருக்கும் இடத்தில் சொல்லக்கூடியதல்ல என்பார். பெட்ரோல் கேன் காலியானது. ஜாக்கி இறங்கியது. வெள்ளைக் கார் புதிய டயரோடு கிளம்பியபோது தேவாலயத்து வரிசை போட்ட சத்தத்தில் என் கால்கீழ்த் தகரக்கூரை அதிர்ந்தது. நடீன் மட்டும் கத்தவில்லை. கைப்பையைத் திறந்து, மூடி, மறுபடி திறந்தார்.

அதற்குப் பிறகு பழுதாகி நின்ற ஒவ்வொரு காரின் ஆட்களும் அங்கே வந்தார்கள். எஞ்சின் வெந்துபோன மஞ்சள் காரின் ஆட்கள் மீதமிருந்த டயர்களை உருட்டி வந்தார்கள். யாரோ கண்ணாடியைத் துடைத்தார்கள். யாரோ தண்ணீர் கொடுத்தார்கள். சைப்ஸ் தன் குழுவின் கருவிப்பெட்டிமேல் உட்கார்ந்து எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசி ஐம்பது சுற்றில் முன்னணியில் இருந்தவர்கள் கூட்டமாக அவரைக் கடக்க வந்தார்கள். பயந்தேன். டயர் மறுபடி தேய்ந்திருந்தது. அவரை ஒருவன் உரசினாலும் அத்தனையும் போயிற்று. "நாலு கார். ரெண்டு உள்ள, ரெண்டு வெளிய. பிடிச்சுக்குங்க, பிடிச்சுக்குங்க" என்றேன். அவர் நடுவில் நூல் பிடித்ததுபோல நேராக நின்றார். விரல்கள் முதலில் கீழே சாய்ந்தன, பிறகு கூரைக்குத் திரும்பின. ஆற்று நடுவிலிருக்கும் கல்லைத் தண்ணீர் கடப்பதுபோல நான்கும் இரண்டு பக்கமும் கடந்தன.

கொடி விழுந்தபோது அவர் பதினேழு சுற்று பின்னால், இருபத்திரண்டாவது இடத்தில் இருந்தார். சக்கரங்கள் சுழன்றுகொண்டிருந்தன.

நான் கூரையிலிருந்து இறங்கி ஓடினேன். லூதர் பழக்கதோஷத்தில் காதிலிருந்து பென்சிலை எடுத்துக்கொண்டு வந்துவிட்டிருந்தார்.

"என்ன கோளாறு, வெர்லின்?"

வெர்லின் ஜன்னல் வழியாக இடுப்புவரை வெளியே வந்து, கதவுமேல் உட்கார்ந்து, ஹெல்மெட்டைக் கழற்றினார். முகத்தில் ரப்பர் தூள் மீசைபோல ஒட்டியிருந்தது.

"ஒரு கோளாறும் இல்ல, லூதர். எழுது, பாப்போம்."

லூதர் அவர் கண்ணெதிரே எழுதினார்.

வேலியோரம் ஆர்வில் காகிதப் பையைத் தலைகீழாகப் பிடித்து உதறிக் காட்டினார். ஒரு தோல்கூட விழவில்லை.

"தோலையுமா தின்னே?" என்று கத்தினார் வெர்லின்.

"பதட்டத்துல தெரியலப்பா!"

சைப்ஸ் சொன்ன சொல் தவறவில்லை. நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே அவரே ஸ்பேனரோடு உள்ளே குனிந்து நான்கு போல்ட்டையும் கழற்றினார். இருக்கையை வண்டி நிறுத்துமிடத்துச் சரளைக்கல்மேல் வைத்தார். எறியவில்லை. வெர்லின் அதைத் தோளில் தூக்கிக்கொண்டு, மறு கையால் நடீனின் கைப்பையை வாங்கிக்கொண்டு, லாரிக்கு நடந்தார். வழியில் ஒரு காரில் பின்னாலிருந்து ஹாரன் அடித்தார்கள். கைப்பை பிடித்த கையிலிருந்து இரண்டு விரல் நீண்டது. உள்பக்கமாகப் போ.

அந்தச் சீசனில் அவரை யாரும் கூப்பிடவில்லை. பிப்ரவரியில் டென்னசியிலிருந்து எட்டாவது முதலாளி ஒருவர் கூப்பிட்டார். "முழுசா ஓடுற காரா?" என்பதுதான் வெர்லின் கேட்ட ஒரே கேள்வி என்று நடீன் சொன்னார். இன்னும் மூன்று வருடம் ஓட்டினார். ஜெயிக்கவில்லை. இப்போது ஜல்லி லாரி மட்டும்.

போன இலையுதிர் காலத்தில் டாய்லைக் கடையில் பார்த்தேன். அந்தச் சனிக்கிழமையைப் பற்றி, அன்று நான் கூரையில் எவ்வளவு நன்றாகச் சொன்னேன் என்பதைப் பற்றி, யாரோ பேச்செடுத்தார்கள். டாய்ல் தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மற்றவர்கள் எழுந்து போனபிறகு சொன்னார். பந்தயம் முடிந்து ஜன்னல் வலையை இறக்கியது அவர்தான். ஹெல்மெட்டிலிருந்து ரேடியோவுக்குப் போகும் ஒயர் பிடுங்கி, முனையில் டேப் சுற்றி, வாருக்கடியில் செருகியிருந்ததாம். எப்போது பிடுங்கினாய் என்று கேட்டிருக்கிறார். எனக்கு 'கேக்குது' என்று சொன்ன கையோடு, பச்சைக் கொடிக்கு முன்னாலேயே என்றாராம் வெர்லின்.

"ஹார்லன் கத்தினா கத்திட்டுப் போறான். ஆனா அந்த எம்மெட் மெதுவா 'உள்ள வாங்க அண்ணே'ம்பான். அது காதுல விழுந்தா என் கை தானா திருப்பிடும்."